சிலையைச் சிதைக்காமல் அதன் கல் வந்த மலையைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில், எம்பிரஸ் பிளேசில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், காந்தாரத்துச் சாம்பல் நிறக் கல், தென்னிந்தியக் கருங்கல், கெமர் நாட்டு மணற்கல் எல்லாவற்றையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு சிலைக்கும் கீழே ஒரு சின்ன அட்டை, அதில் கல்லைப் பற்றி ஒரே ஒரு சொல். கருங்கல் என்று போட்டிருந்தால் எந்த மலைக் கருங்கல்? மணற்கல் என்றால் எந்த ஆற்றங்கரையில் எப்போது படிந்த மணல்? நம் ஊர்க் கோயில் நிர்வாகங்களில் இருப்பவர்களும், மரபுடைமைத் துறையில் தொண்டூழியம் செய்யும் மாணவர்களும் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். கேட்டதும் அவர்களுக்கு வரும் அடுத்த பயம், "அதுக்குச் சிலையில ஒரு துண்டு வெட்டணுமே" என்பது. வெட்ட வேண்டாம். ஒரு பொடிகூட எடுக்காமல் ரொம்ப தூரம் போக முடியும். எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

சிலை எங்கே செதுக்கப்பட்டது என்பதும் கல் எங்கே வெட்டப்பட்டது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள், 1010-ல் முடிந்த அந்தக் கோயில் நிற்பது காவிரி வண்டல் பூமியில், பக்கத்தில் கருங்கல் மலையே கிடையாது, அத்தனை கல்லும் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆகவே சோழர் பாணிச் சிலை என்பதால் கல்லும் சோழ நாட்டு மையத்தில் வெட்டியது என்று நினைத்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

இன்னொன்று, பாறையின் வகையைச் சொல்வது வேறு, அதன் இடத்தைச் சொல்வது வேறு. கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லைப் பார்த்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது சென்னைப் பக்கம் பல்லாவரத்தில் கிடைக்கும் பாறை மாதிரியே இருப்பதை உணர்ந்து, அந்தப் பாறைக்கே 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு உலகம் முழுக்கப் புவியியல் பாடத்தில் இருக்கும் பெயர் அது, பிறந்த இடம் நம் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரம். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஆனால் அதே சார்னோகைட் நீலகிரியில் இருக்கிறது, கேரளத்தில் இருக்கிறது, இலங்கையிலும் இருக்கிறது. அதனால் "இது சார்னோகைட்" என்று கண்டுபிடித்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "இந்தச் சிலையும் அந்தப் பீடமும் ஒரே கல்லா?", "இது இந்த மலையிலிருந்து வந்திருக்க முடியுமா?", "இதன் கை பிற்காலத்தில் ஒட்டியதா?" என்று ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளாக இருக்கட்டும். "இது எங்கேயிருந்து வந்தது?" என்ற பெரிய கேள்விக்கு எந்தக் கருவியும் திரையில் ஊர் பெயரைக் காட்டாது.

இரண்டாம் படி: அனுமதி, பழைய தாள், பழைய படம்

கருவியைத் தொடுவதற்கு முன்னால் சிலையின் கைமாற்று வரலாற்றைத் தேடுங்கள். யார் வாங்கியது, எந்த ஆண்டு, எந்தத் துறைமுகம் வழியாக, எந்தச் சிற்பக்கூடம் என்று கோயில் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் அது பத்து அளவீடுகளுக்குச் சமம். சிங்கப்பூர்க் கோயில்களில் குடமுழுக்கு மலர்களை யாராவது பத்திரமாக வைத்திருப்பார்கள், அதில் சிலை வந்த விவரம் கிடைக்கலாம். தேசிய நூலகத்தில் பழைய தமிழ்ச் செய்தித்தாள்களையும் பாருங்கள்.

பழைய புகைப்படத்தின் பலம் என்ன என்பதற்கு விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. விருத்தகிரீசுவரர் கோயிலிலிருந்து காணாமல் போன அந்தக் கற்சிலை சிட்னியில் ஒரு கலைக்கூடத்தில் இருந்தது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்து வைத்திருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் அது எந்தக் கோயிலுடையது என்று காட்டிக்கொடுத்தன, 2014-ல் இந்தியாவுக்குத் திரும்பியது. கல்லின் உடைசல், கீறல், மூக்கு தேய்ந்த விதம் எல்லாம் கைரேகை மாதிரி. இந்த வேலைக்கு எக்ஸ்-கதிர் வேண்டியதே இல்லை.

அனுமதி விஷயத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். கோயில் என்றால் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் வாங்குங்கள், குருக்களிடம் நேரில் பேசுங்கள். வழிபாட்டில் இருக்கும் மூலவரைக் கருவியோடு நெருங்கவே கூடாது என்பது என் கருத்து. பாலாலயத்தில் சக்தி இறக்கிய பிறகோ, வழிபாட்டில் இல்லாத பழைய சிலைகளிலோ, பிராகாரத்துத் தூண்களிலோ செய்தால் போதும். அரும்பொருளகச் சிலை என்றால் அங்குள்ள பாதுகாப்பு வல்லுநர்தான் கருவியை வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பார், நீங்கள் அல்ல.

எக்ஸ்-கதிர் கைக்கருவி பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் சட்டம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் அயனியாக்கும் கதிர் வெளியிடும் எந்தக் கருவியையும் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் இல்லாமல் வைத்திருக்கவோ இயக்கவோ கூடாது. ஆகவே இணையத்தில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் அளந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம், உரிமம் உள்ள சோதனை நிறுவனம், இவர்களோடு சேர்ந்து செய்வதுதான் வழி.

மூன்றாம் படி: கண்ணால் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் அதிகம், பிறகு எண்கள் கையில் இருக்கும், அர்த்தம் இருக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன உருப்பெருக்கி, நல்ல வெள்ளை டார்ச், ஒரு அளவுகோல், இவை போதும். டார்ச்சை நேராக அடிக்காமல் கல்லின் மேல் சாய்வாக அடியுங்கள், குருணைகள் எழுந்து தெரியும், உளித் தடமும் தெரியும்.

மெருகேற்றிய முகத்தைப் பார்த்துப் பிரயோசனம் குறைவு. சிலையின் முதுகு, பீடத்தின் அடி, பழைய உடைசல் இவற்றில்தான் கல் தன் உண்மை நிறத்தைக் காட்டும். குருணையின் அளவு என்ன, எல்லாம் ஒரே அளவா, பட்டை பட்டையாக ஓடுகிறதா, மினுக்கும் அபிரகம் (மைக்கா) இருக்கிறதா, கறுப்புப் புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

சில வகைகள் கண்ணுக்கே பிடிபடும். காந்தாரச் சிலைகளில் பெரும்பாலானவை தகடு தகடாகப் பிரியும் சாம்பல் நிறக் கல், சாய்ந்த வெளிச்சத்தில் அபிரகம் மின்னும். மதுராவின் சிவப்பு மணற்கல்லில் வெளிறிய புள்ளிகள் தூவியது போல இருக்கும். சாரநாத், அசோகர் தூண் என்றால் சுனாரின் வெளிர் மணற்கல். அமராவதியில் பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல், பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், பளிங்கு கிடையாது. ஹொய்சாளர் கோயில்களில் நகத்தாலேயே கீறல் விழும் மாக்கல் வகை, அதனால்தான் அந்த நுணுக்கமான நகை வேலை சாத்தியமானது. சார்னோகைட் நீலமோ பச்சையோ கலந்த கரும் சாம்பலாக, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி பளபளப்போடு இருக்கும், மாமல்லபுரத்துப் பாறைகளை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் மறக்காது.

புவியியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. களத்தில் சுண்ணாம்புக்கல்லைக் கண்டறிய ஒரு சொட்டு அமிலம் விடுவீர்கள், கடினம் பார்க்கக் கத்தியால் கீறுவீர்கள், உடைத்துப் புதுமுகம் பார்ப்பீர்கள். சிலையில் இந்த மூன்றும் கிடையவே கிடையாது.

நம் ஸ்தபதிகள் கல்லைத் தட்டி ஓசை கேட்டு ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரிப்பார்கள், மணி போல ஒலித்தால் ஆண் கல், ஓசையே எழாவிட்டால் அலி. உள்ளே விரிசல் இருக்கிறதா, கல் ஒரே சீராக இருக்கிறதா என்பதைக் காது வழியாகத் தெரிந்துகொள்ளும் அருமையான முறை அது. ஆனால் அது செதுக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது, பழைய சிலையைத் தட்டாதீர்கள். அதே வேலையை இன்று மீயொலி அலை பாயும் வேகத்தை அளந்து செய்கிறார்கள். கல்லின் ஆரோக்கியத்தைச் சொல்ல அது நல்லது, ஊரைச் சொல்ல அவ்வளவாக உதவாது.

நான்காம் படி: சிலையின் மேல்தோலைப் புரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் அளக்கப்போவது கல்லையா, அல்லது கல்லின் மேல் காலங்காலமாகப் படிந்ததையா? நல்லெண்ணெய், பால், தயிர், சந்தனம், திருநீறு, மஞ்சள், கற்பூரப் புகை என்று நம் சிலைகள் ஏற்றுக்கொண்டவை ஏராளம். திருநீற்றில் கால்சியமும் பொட்டாசியமும் இருக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சில் கால்சியம். பழைய வண்ணத்தில் ஈயமும் துத்தநாகமும். சிமெண்ட் ஒட்டில் கால்சியத்தோடு சேர்ந்து வேறு பலவும். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் பாசியும் உப்பும் கல்லுக்குள் ஊறி வெளியே பூக்கும்.

அதனால் அளப்பதற்கு முன் சிலையை நான்கு பக்கமும் நிற அட்டையும் அளவுகோலும் வைத்துப் படம் எடுங்கள். முடிந்தால் சுற்றிச் சுற்றி நிறையப் படங்கள் எடுத்து முப்பரிமாண உருவமாகக் கணினியில் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்றைய கைப்பேசியே போதும். அதன் மேல் எண் போட்டு, எந்தப் புள்ளியில் அளக்கப்போகிறோம் என்று குறித்துவிடுங்கள். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பிசின் வைத்து ஒட்டிய இடங்களும் பிற்காலப் பூச்சும் பல சமயம் வேறு நிறத்தில் ஒளிரும், அந்த இடங்களை வரைபடத்தில் கழித்துவிடுங்கள். சுத்தம் செய்யலாமா என்று கேட்பீர்கள். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டலாம், அதற்கு மேல் எதையும் பாதுகாப்பு வல்லுநர் இல்லாமல் செய்யாதீர்கள். எண்ணெய்ப் படலம் தடிமனாக இருந்தால் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு வேறு புள்ளி தேடுங்கள்.

ஐந்தாம் படி: காந்த அளவீடு

எனக்கு இந்தக் கருவி மேல் தனி மரியாதை உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும், கதிர்வீச்சு கிடையாது, உரிமம் வேண்டாம், ஒரு அளவீட்டுக்குச் சில நொடிகள். கல்லில் எவ்வளவு மேக்னடைட் போன்ற காந்தக் கனிமம் இருக்கிறது என்பதை 'காந்த ஏற்புத்திறன்' என்ற ஒரே எண்ணாகத் தரும்.

ஒரே எண்ணை வைத்து என்ன செய்ய முடியும் என்று தோன்றும். கம்போடியாவின் அங்கோரில் ஜப்பானின் வாசெடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உச்சிடா எட்சுவோ குழுவினர் செய்ததைப் பாருங்கள். அங்கோர் கோயில்களின் சாம்பல் நிற மணற்கல் வெறும் கண்ணுக்கு ஒரே மாதிரி, கனிமங்களும் வேதிக் கலவையும்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் காந்த ஏற்புத்திறன் கட்டடத்துக்குக் கட்டடம், ஒரே கட்டடத்தில் பகுதிக்குப் பகுதி மாறியது. அந்த மாற்றத்தை வைத்து எந்தப் பகுதி முதலில் எழுந்தது, கல்வெட்டுமிடம், அதாவது கல்லை வெட்டியெடுத்த இடம், எப்போது எங்கே நகர்ந்தது என்று வரிசைப்படுத்தினார்கள். குலேன் மலையின் தென்கிழக்கு அடிவாரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய கல்வெட்டுமிடங்களையும் கண்டுபிடித்தார்கள், கற்கள் கால்வாய் வழியாக அங்கோருக்கு வந்த பாதையையும் 2012-ல் வெளியிட்டார்கள். ஒரு கோயிலிலிருந்தும் ஒரு துண்டுகூட உடைக்கத் தேவையில்லாத கருவி அது.

கருங்கல்லுக்கும் இது பயன்படும். கருங்கற்களை மேக்னடைட் உள்ள வகை, காந்தம் குறைந்த இல்மனைட் என்ற கனிமம் உள்ள வகை என்று இரண்டாகப் பிரிக்கும் முறையை 1977-ல் ஜப்பானியப் புவியியலாளர் இஷிஹாரா வகுத்தார். எல்லைக்கோடு காந்த ஏற்புத்திறனில் தோராயமாக ஆயிரத்தில் மூன்று (SI அலகில்), அதற்கு மேல் முதல் வகை, கீழே இரண்டாவது. வெள்ளீயத்துக்குப் பேர்போன மலேசியாவின் நடுமலைத் தொடர்க் கருங்கல் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

பழகிக்கொள்ள நம் ஊரிலேயே இடம் இருக்கிறது. புக்கிட் தீமா, டெய்ரி ஃபார்ம் பக்கம் வெளிர்க் கருங்கல், புக்கிட் கோம்பாக் பக்கம் நோரைட் என்ற கறுத்த பாறை, புலாவ் உபினில் இப்போது மூடிக் கிடக்கும் கல்வெட்டுமிடங்கள். உபின் கருங்கல்தான் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குப் போனது. பூங்காவில் ஒரு கல்லையும் உடைக்காமல், எடுத்துக்கொண்டு வராமல், கருவியை வைத்து எடுத்தால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. ஒரே பாறையில் இருபது இடத்தில் அளந்து பாருங்கள். எண்கள் எவ்வளவு அலைபாய்கின்றன என்பதைக் கைப்பட உணர்ந்த பிறகுதான் சிலைக்குப் போக வேண்டும்.

சிலையில் கவனிக்க வேண்டியவை: கருவியின் முகம் கல்லோடு முழுதாகப் படிய வேண்டும், வளைந்த தோளிலோ மெல்லிய விரலிலோ எண் குறைவாகத்தான் வரும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் காற்றில் வெறுமனே பிடித்துப் பூஜ்யம் சரிபார்க்க வேண்டும். சிலைக்குள் இரும்புக் கம்பி இருக்கலாம், பீடத்துக்கு அடியில் எஃகுத் தாங்கி இருக்கலாம், கல்லில் சம்பந்தமே இல்லாமல் ஒரு எண் எகிறினால் முதலில் இவற்றைச் சந்தேகப்படுங்கள். கருவி கல்லில் உராயாமல் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைக்கலாம், ஆனால் மலையில் அளக்கும்போதும் அதே தாள் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: எக்ஸ்-கதிர் ஒளிர்வு

எல்லாரும் கேட்கும் கருவி இதுதான், துப்பாக்கி மாதிரி இருக்கும், கல்லின் மேல் எக்ஸ்-கதிரை விழச் செய்து, கல்லில் உள்ள ஒவ்வொரு தனிமமும் திருப்பி அனுப்பும் கதிரை வைத்து எது எவ்வளவு என்று சொல்லும். கல்லில் தடம் எதுவும் விழாது.

எதைப் பார்ப்பது? பொட்டாசியம், கால்சியம், டைட்டேனியம், மாங்கனீஸ், இரும்பு, அப்புறம் ருபிடியம், ஸ்ட்ரான்ஷியம், இட்ரியம், சிர்க்கோனியம், நையோபியம். கடைசி ஐந்தும் அளவில் மிகக் குறைவு, மில்லியனில் பத்து, நூறு என்ற கணக்கு, ஆனால் மலைக்கு மலை வித்தியாசம் காட்டுவதில் கெட்டிக்காரர்கள். அது மட்டுமில்லாமல் இவை அனுப்பும் கதிர் கொஞ்சம் ஆழத்திலிருந்தும் வெளியே வரும். சிலிக்கான், அலுமினியம் போன்ற இலேசான தனிமங்களின் கதிரோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆழத்திலிருந்துதான் வரும், அதாவது நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மேல்தோலை. சோடியம் கைக்கருவிக்குத் தெரியவே தெரியாது. ஆகவே எண்ணெய் ஏறிய சிலையில் சிலிக்கான் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கருவியின் ஜன்னல் பொதுவாக எட்டு மில்லிமீட்டர் அகலம், சிலவற்றில் மூன்று. நுண்ணிய மணற்கல்லில் இது பிரச்சினை இல்லை. நம் கருங்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் ஒரு குருணையே அந்த ஜன்னலை நிரப்பிவிடும், அப்போது நீங்கள் அளந்தது கல்லை இல்லை, ஒரு குருணையை. எனவே மணற்கல்லுக்கு ஐந்தாறு புள்ளி போதும் என்றால் கருங்கல்லுக்குப் பதினைந்து இருபது வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடமாவது கொடுங்கள். சராசரியை மட்டும் எழுதாமல் எல்லா எண்ணையும் வையுங்கள், அந்தச் சிதறலே கல்லைப் பற்றி ஒரு செய்தி. காலையிலும் மாலையிலும் கலவை தெரிந்த ஒரு தரக்கல்லை அளந்து, கருவி நகரவில்லை என்று உறுதி செய்யுங்கள். கருவிக்கு எதிர்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது, சிலையைக் கையால் தாங்கிக்கொண்டு அளக்கவே கூடாது.

இந்த முறையின் பலத்தையும் எல்லையையும் ஒன்றாகக் காட்டுவது இங்கிலாந்தில் இருக்கும் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச். அங்கே மிஞ்சியிருக்கும் 52 பெரிய மணற்பாறைகளையும் டேவிட் நாஷ் குழுவினர் இப்படித்தான் அளந்தார்கள், கல்லுக்கு ஐந்து அளவீடு, 50 கற்கள் ஒரே குடும்பம் என்று தெரிந்தது, இரண்டு மட்டும் விலகி நின்றன. ஆனால் அந்தக் குடும்பத்தின் ஊர் எது என்று சொல்ல அது போதவில்லை. 1958-ல் பழுதுபார்த்தபோது 58-ஆம் எண் கல்லில் துளைத்தெடுத்த ஒரு நீளத் துண்டை, அந்த வேலையில் இருந்த ஒருவர் பத்திரமாக வைத்திருந்து பல பத்தாண்டுகள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். அதை ஆய்வுக்கூடத்தில் நுணுக்கமாகப் பகுத்து, தென் இங்கிலாந்தின் இருபது இடங்களோடு ஒப்பிட்ட பிறகே வெஸ்ட் வுட்ஸ் என்ற இடம் என்று 2020-ல் அறிவித்தார்கள்.

இதிலிருந்து நம் கோயில்களுக்கு நேராக ஒரு வேண்டுகோள். திருப்பணியின்போது தானாக உடைந்து விழும் கல் சில்லுகளைத் தயவுசெய்து குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். சின்ன உறையில் போட்டு, எந்தச் சிலை, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி அலமாரியில் வையுங்கள். புதிதாக ஒரு துண்டு வெட்டக் கூடாது என்று சொல்கிற நாம், ஏற்கெனவே விழுந்ததைக் காப்பாற்றினால்தான் நாளைக்கு ஒருவர் ஆழமாக ஆராய முடியும்.

ஏழாம் படி: தேவைப்பட்டால் மட்டும்

காமா அளவி: கல்லில் இயல்பாக இருக்கும் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் தரும் கதிரை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் கருவி, தானாக எதையும் உமிழாது. ரோமானியர் காலக் கருங்கல் தூண்களின் மூலத்தைத் தேடக் காந்த அளவீட்டோடு சேர்த்து இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெரிய தூண், பெரிய நந்தி மாதிரி கன அளவு இருந்தால்தான் சரிவரும், சின்னச் சிலைக்கு வேண்டாம். கோயில் தரையே கருங்கல் பாவியது என்றால் தரையின் கதிரும் சேர்ந்துவிடும், அதைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும்.

ராமன் நிறமாலை: தனிமத்தைச் சொல்லாமல் கனிமத்தையே சொல்லும். மாக்கல்லா, குளோரைட் என்ற கனிமம் கலந்ததா என்ற கேள்விக்கு நல்ல பதில் தரும். ஆனால் கறுத்த கல் லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகும், பழைய வண்ணம் இருந்தால் கருகவும் கூடும், குறைந்த சக்தியில்தான் தொடங்க வேண்டும். எண்ணெய் ஊறிய கல்லில் பின்னணி ஒளிர்வு எல்லாவற்றையும் மறைத்துவிடும். அகச்சிவப்புப் பிரதிபலிப்பு இதைவிடப் பாதுகாப்பானது, களிமண் வகைக் கனிமங்களுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் ஏற்றது. லேசரால் கல்லைச் சிறு புள்ளியளவு ஆவியாக்கிப் படிக்கும் முறையும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத குழிதானே என்பார்கள், குழி குழிதான், இந்த வழிகாட்டியில் அதற்கு இடமில்லை.

எட்டாம் படி: மலைக்குப் போங்கள்

சிலையை எத்தனை நுட்பமாக அளந்தாலும் ஒப்பிட மலை இல்லையென்றால் கையில் இருப்பது வெறும் எண்கள். பணமும் நேரமும் அதிகம் போக வேண்டிய இடம் இதுதான், பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோவதும் இங்கேதான். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு முடிக்க முடியாது. தமிழ்நாட்டில் இருக்கும் பல்கலைக்கழகப் புவியியல் துறையோடு கைகோக்க வேண்டும், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வரைபடங்களை முதலில் படிக்க வேண்டும், பிறகு களம்.

களத்தில் பழைய ஆப்புக் குழிகளைத் தேடுங்கள். பாறையில் வரிசையாகச் சதுரக் குழிகள் வெட்டி ஆப்பு இறக்கிப் பிளந்த தடம் பல மலையடிவாரங்களில் இன்னும் இருக்கிறது, பாதி வெட்டிக் கைவிட்ட தூணோ பீடமோ பக்கத்தில் கிடந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. அதே கருவியை, அதே அமைப்பில், அதே நேர அளவில் பயன்படுத்துங்கள். வெயில்பட்ட பழைய முகத்தையும் புதிதாக உடைந்த முகத்தையும் இரண்டையும் அளந்தால், வானிலை அந்தக் கல்லை எப்படி மாற்றுகிறது என்று தெரியும், சிலையின் மேல்தோல் எண்ணைப் புரிந்துகொள்ள அது உதவும். ஒரு மலைக்கு ஓர் இடம் போதாது, நாலு மூலையிலும் அளக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மலைக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம் இரண்டு மலைக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் அந்தத் தனிமத்தை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. இதை முன்னாலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: கணக்கு

எடுத்த எடுப்பிலேயே பெரிய புள்ளியியல் மென்பொருளுக்குப் போகாதீர்கள். ஒரு அச்சில் ஸ்ட்ரான்ஷியம், இன்னொன்றில் சிர்க்கோனியம் என்று ஒரு எளிய வரைபடம் போட்டு, மலைகளை ஒவ்வொரு நிறத்திலும் சிலையைக் கறுப்பிலும் குறியுங்கள். ருபிடியத்துக்கும் ஸ்ட்ரான்ஷியத்துக்கும் இடையிலான விகிதத்தையும் பாருங்கள், மேற்பரப்பு மேடுபள்ளத்தால் வரும் பிழை விகிதத்தில் கொஞ்சம் அடங்கும். சுண்ணாம்பு, திருநீறு பட்டிருக்கக்கூடிய கால்சியத்தை ஒதுக்கிவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள், முடிவு மாறினால் அந்த முடிவு கல்லுடையது இல்லை. இதெல்லாம் தெளிவான பிறகு பல தனிமங்களை ஒன்றாகச் சேர்த்துப் பகுக்கலாம்.

கணினி எப்போதும் இருப்பதற்குள் நெருக்கமான மலையைக் காட்டும், உண்மையான மலை பட்டியலில் இல்லாவிட்டாலும். ஸ்டோன்ஹெஞ்சின் நடுவில் கிடக்கும் பலிபீடக் கல் விஷயத்தில் இதுதான் நடந்தது. அது வேல்ஸ் நாட்டுக் கல் என்று சுமார் நூறு ஆண்டுகளாக நம்பினார்கள், தேடியதும் அந்தப் பக்கமேதான். கைக்கருவி அளவீடுகளில் அதில் பேரியம் என்ற தனிமத்தின் அளவு வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தது, அங்குள்ள பாறைகளோடு ஒத்துவரவில்லை. பிறகு 2024-ல், அருங்காட்சியகத்தில் இருந்த சிறு துண்டுகளின் கனிமக் குருணைகளின் வயதைக் கணக்கிட்டு, அது ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, சுமார் 750 கிலோமீட்டர் தாண்டி வந்தது என்று காட்டினார்கள். "இது இங்கேயிருந்து வரவில்லை" என்ற முடிவுதான் சரியான திசைக்குக் கதவைத் திறந்தது. அதனால் ஒரு மலையை விலக்கும் முடிவு கிடைத்தால் தோல்வி என்று நினைத்து மறைக்காதீர்கள், அதை முதல் பக்கத்தில் போடுங்கள்.

பத்தாம் படி: எழுதுவது

அறிக்கையில் மூன்று சொற்றொடர்களை மட்டும் பயன்படுத்துங்கள்: "இந்த மலையிலிருந்து வந்திருக்க முடியாது", "இந்த மலையோடு முரண்படவில்லை", "ஒப்பிட்ட மலைகளில் இதுதான் மிக நெருக்கம்". "இந்த மலைக் கல்தான்" என்று எழுத வேண்டுமானால் காந்தம், தனிமம், கனிமம், பழைய ஆவணம் எல்லாம் ஒரே திசையைக் காட்ட வேண்டும், மற்ற மலைகள் விலக்கப்பட்டிருக்க வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சிலை யாருக்குச் சொந்தம் என்ற வழக்குகளில் இத்தகைய அறிக்கை ஒரு நாள் மேசைக்கு வரலாம். கம்போடியாவின் கோ கெரிலிருந்து களவுபோன சிலைகளில் சிலவற்றுக்குப் பாதங்கள் பீடத்தோடு கோயிலிலேயே நின்றுவிட்டன, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2013-ல் இரண்டு மண்டியிட்ட பணியாளர் சிலைகளைத் திருப்பி அனுப்பியது. அத்தகைய இடத்தில் நாம் மிகைப்படுத்தி எழுதிய ஒரு வரி, நியாயமான கோரிக்கையையே பலவீனமாக்கிவிடும்.

ஸ்டாம்ஃபர்ட் சாலையில் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கும் சிங்கப்பூர்க் கல்லையும் இந்தக் கண்ணோடு போய்ப் பாருங்கள். ஆற்றுமுகத்தில் நின்ற பெரும் மணற்பாறையை 1843-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள், மிஞ்சிய துண்டில் இருக்கும் எழுத்தை இன்றுவரை யாரும் முழுதாகப் படித்துச் சொல்லவில்லை. உடைத்துவிட்ட பிறகு எந்தக் கருவியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாத தகவல் எவ்வளவு என்பதை அதன் முன்னால் நின்றால் தெரிந்துகொள்ளலாம்.

அறிக்கை முடிந்ததும் மூலத் தரவை, அதாவது கருவி பதிவு செய்த நிறமாலைக் கோப்புகளை அப்படியே, திரையில் தெரிந்த எண்களை மட்டும் இல்லாமல், புள்ளி வரைபடத்தோடும் படங்களோடும் சேர்த்து மூன்று இடத்தில் வையுங்கள்: சிலையை வைத்திருப்பவரிடம் ஒன்று, உங்களோடு சேர்ந்து அளந்த ஆய்வுக்கூடத்தில் ஒன்று, மலையை அளக்க உதவிய தமிழ்நாட்டுத் துறையிடம் ஒன்று. கருவியின் மாதிரி எண், அளவுத்திருத்தம் செய்த தேதி, ஜன்னல் அகலம், நேரம், அளந்தவர் யார் என்பதெல்லாம் முதல் தாளிலேயே இருக்கட்டும். பிறகு யாராவது வேறொரு மலையை அளந்துகொண்டு வரும்போது, சிலையை இன்னொரு முறை தொந்தரவு செய்யாமல் இந்தக் கோப்பை வைத்தே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.